முகம் வெளுப்பது ஏன், சிவப்பது ஏன்?

உப்புவெளி வாசகி ஒருவரின் கேள்வி இது. கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீமைப் பூசி இரண்டு கிழமையில் முகம் வெளுத்துப் பளபளத்ததாம். மூன்று மாதம் கழித்து நிறுத்தியதும் சிவந்து எரிகிறது; திரும்பப் பூசினால் அடங்குகிறது. கிறீமுக்கு முகம் அடிமையாகுமா? ஒரு வகையில் ஆகும். அந்த டியூபில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருந்திருக்கும்.

அட்ரினல் சுரப்பி சுரக்கும் கோட்டிசோல் என்ற ஹோர்மோனுக்கு உறவான மருந்துகள் இவை. 1952இல் தோல் வைத்தியர்களான சல்ஸ்பேர்கரும் விற்றனும் ஐதரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டைக் கரப்பனில் பூசிப் பலன் கண்ட பிறகு தோல் வைத்தியத்தின் போக்கே மாறிவிட்டது. கொழுப்பில் கரைவதால் கலத்துக்குள் சுலபமாக நுழைந்து, அங்குள்ள வாங்கி (receptor) என்ற புரதத்தோடு சேர்ந்து கலத்தின் கருவுக்குள் போய், சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். அழற்சி தணியும். நல்ல மருந்துதான்.

இனித்தான் சுவையான இடம். அழற்சியில் சுரக்கும் புரொஸ்டாகிளாண்டின்கள் தோலடிக் குருதிக் குழாய்களை விரிக்கின்றன. ஸ்டீரொயிட் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. குழாயைச் சுருக்கும் நொரட்ரினலினுக்கு அதன் சுவரைக் கூடுதலாகப் பணியவும் வைக்கிறது. குழாய் சுருங்க, இரத்தம் குறைய, தோல் வெளிறுகிறது. 1962இல் மக்கென்சி, ஸ்டோட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே அளவுகோலாக்கினார்கள்: முன்கையில் மருந்தை இட்டு மூடிவைத்து, எந்தப் புள்ளி எவ்வளவு வெளிறுகிறது என்று பார்த்தார்கள். ஸ்டீரொயிட்டின் வீரியத்தை இன்றும் இப்படிச் சோதிக்கிறார்கள். கடைக் கிறீம் தரும் ‘வெள்ளை’யில் ஒரு பங்கு இந்தச் சோதனைப் புள்ளிதான், முகம் முழுக்க! தோலுக்கு நிறம் தரும் மெலனின் குறைவது அதற்கு மேல்.

ஆனால் குழாய்களுக்குப் பழகிவிடும். நாள் போகப்போக அதே அளவு பூசினாலும் வெளிறல் குறைய, கை தாராளமாகப் பிதுக்குகிறது. நிறுத்திய அன்று, இறுக்கிப் பிடித்திருந்த குழாய்கள் முன்னிலும் அகலமாக விரிகின்றன. அதுதான் சிவப்பும் எரிவும். கூடவே ஒரே அளவான சிறு பருக்களும் கிளம்பும். மறுபடி பூசினால் சுருங்கும். வட்டம் இப்படித்தான் பூட்டப்படுகிறது.

இதற்கிடையில் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனின் உற்பத்தியும் குறைந்து தோல் மெலிகிறது, நூல் போலக் குழாய்கள் தெரிகின்றன. தொடையிலும் அக்குளிலும் விழும் வரிகள் முற்றாக மறைவதில்லை. இடமும் முக்கியம்: 1967இன் அளவீட்டில் முன்கை உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. முழங்கைக்கு எழுதிய குளோபெற்றசோல் என்ற வீரியம் கூடிய ஸ்டீரொயிட்டை முகத்தில் போடக்கூடாது என்பது இதனால்தான். வியர்த்து ஊறும் திருகோணமலை வெக்கையில் கவட்டுப் படர்தாமரைக்கு அதைப் பூசினால் கடி நிற்கும், வளைய விளிம்பு மங்கும், பூஞ்சணம் மட்டும் செழிக்கும்.

கருத்தடை மாத்திரையால் முகத்தில் படரும் கருமையான மங்குக்கு எழுதப்படும் மும்மருந்துக் கிறீமிலும் ஸ்டீரொயிட் உண்டு. அதை வழக்கமாக எட்டு வாரத்துக்கு மேல் நீட்டுவதில்லை.

அளவு: சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். பெயர் ‘சோன்’, ‘சோலோன்’, ‘சோல்’ என்று முடிந்தால் மருந்தாளரிடம் விசாரியுங்கள். உள்ளடக்கமே அச்சிடாத டியூபை வாங்காதீர்கள், பாதரசமும் இருக்கலாம். சந்தைக் கிறீம்களைச் சோதிக்க ஆய்வுகூடங்களுக்கு ஒதுக்கும் காசு வீண்செலவு என்று சொல்பவர்கள் இந்த முகங்களை ஒருமுறை பார்க்கட்டும்.

எரியும் முகத்தோடு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவது வேண்டாம். கிணறு ஏழும் புனிதமாக இருக்கலாம், சூடு குழாயை மேலும் விரிக்கும். வாசனையில்லாத ஈரப்பதக் கிறீமும் வெயில் தடுப்பும் போதும். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதைத் தோல் வைத்தியர் சொல்லட்டும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிகையை நீண்ட நாள் எடுப்பவர்கள் முகம் உப்புகிறதே, பரு வருகிறதே என்று தாங்களாகத் திடீரென விடவே கூடாது: அட்ரினல் சுரப்பி அதற்குள் உறங்கிப்போயிருக்கும். கிளினிக்குக்குப் போகும்போது டியூபையும் பெட்டியையும், வெறுமையானாலும், கையோடு கொண்டுபோங்கள்.