கார்போகரிசி எண்ணெயும் உச்சி வெயிலும்

வெண்புள்ளிகளுக்குச் சிகிச்சை தேடி என்னிடம் வருபவர்களில் பலர் அதற்கு முன்பே கார்போகரிசியைப் பூசிப் பார்த்தவர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், குளியல் பொடியில் சேர்க்கும் அந்தச் சிறு கரிய காயேதான். அதை எண்ணெயில் காய்ச்சிப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கும்படி யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் மருந்து இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. என் பயமே அதுதான்.

அந்தக் காயில் உள்ள சோராலென் என்ற வேதிப்பொருளை இந்திய ஆய்வாளர்கள் 1933-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். எகிப்திலும் இதற்கு ஓர் உறவு உண்டு. நைல் கரையில் விளையும், சோராலென் வகைப் பொருளே கொண்ட அம்மி மஜுஸ் என்ற செடியின் கனிகளை உட்கொண்டு வெயில் காயும் வைத்தியத்தை, 13-ஆம் நூற்றாண்டிலேயே மூலிகை அறிஞர் இப்னு அல்-பைத்தார் எழுதிவைத்திருக்கிறார். 1940-களில் கெய்ரோ மருத்துவர் எல் மோஃப்டி அந்தக் கனியின் சாரத்தைக் கொண்டு வெண்புள்ளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். சோராலென் கொடுத்துப் புற ஊதா 'ஏ' கதிரைக் காட்டி மருத்துவமனைகளில் நாங்கள் தரும் 'பூவா' ஒளிச்சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் மருத்துவமனையில் மருந்தின் அடர்த்தி தெரியும். ஒளியை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவோம். மொட்டை மாடியில் இந்த இரண்டுமே தெரியாது. சோராலென் தோலில் இருக்கும்போது புற ஊதா 'ஏ' கதிர் பட்டால், அது உயிரணுவின் டி.என்.ஏ.வோடு பிணைந்துகொள்கிறது. அளவு மிஞ்சினால் தோல் வெந்துபோகும்.

கல்லூரி மாணவி ஒருவரை அவருடைய அம்மா அழைத்து வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே இருந்த வெள்ளைத் திட்டின் மீது நீர் கோத்த பெரிய கொப்புளம். சுற்றிலும் தோல் சிவந்து, ஓரம் கறுத்திருந்தது. "எண்ணெய் பூசிய அன்று ஒன்றுமே ஆகவில்லை டாக்டர், எரிச்சல்கூட இல்லை. அதனால்தான் மறுநாளும் வெயிலில் நிற்கச் சொன்னேன்" என்றார் அம்மா. இந்த மருந்தின் ஆபத்தான குணமே இதுதான். சாதாரண வெயில் புண் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சோராலென் புண் முழுதாக வெளிப்பட இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு முறை பூசி வெயிலில் நின்றிருப்பார்கள். 'பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் மறைந்துவிட வேண்டும்' என்ற அவசரம் வேறு. பிறருக்குத் தொற்றாத, உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நிலைக்காக நம் பெண்கள் இப்படி வெந்துபோவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

புண் ஆறினாலும் கவலை தீர்வதில்லை. வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு தோன்றக்கூடும். காயைப் பொடியாக்கி உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, அளவறிந்து தருவதை நான் குறை சொல்லவில்லை. வீடியோவைப் பார்த்துத் தாமாகவே காய்ச்சிப் பூசுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா 'பி' கதிரைக் காட்டும் குறுகிய அலைவரிசை ஒளிச்சிகிச்சைக்குச் சோராலென் தேவையே இல்லை. டாக்ரோலிமஸ் போன்ற களிம்புகளும் உண்டு. முகத்திலும் கழுத்திலும் நிறம் நன்றாகத் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும் கடினம்; திட்டில் முடி நரைத்திருந்தாலும் அப்படித்தான். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அந்த இடத்தைத் துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் வெயில் படாமல் பாருங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். மஞ்சளோ பற்பசையோ தடவாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்துவிட்டால், மருத்துவர் அது தெரியாமல் தரும் ஒளிச்சிகிச்சையும் சேர்ந்து புண் இன்னும் ஆழமாகும்.