சென்கோ: சொல்லும் பொருளும்

ஜப்பானியர் வீட்டுப் புத்தபீடத்தின் முன்னும் கல்லறைகளிலும் ஏற்றிவைக்கிற மெல்லிய வாசனைப் பொருளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சென்கோ. தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஊதுபத்தி’ என்று போட்டுவிடுகிறார்கள். பொருள் புரிந்துவிடும், சரி. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இடிக்கிறது.

‘சென்’ என்றால் கோடு, இழை. ‘கோ’ என்றால் நறுமணம். பெயரில் குச்சி என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் சென்கோவுக்குள் மூங்கில் ஈர்க்கு கிடையாது. அடி முதல் நுனி வரை மாவுதான்.

சந்தனம், கிராம்பு, பட்டை போன்ற பொடிகளோடு தாபு என்னும் மரத்தின் பட்டைப் பொடியைச் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைகிறார்கள். ஒட்டவைப்பது அந்தத் தாபுப் பொடி. (நம் ஊதுபத்திப் பட்டறைகளில் ‘ஜிகட்’ என்பார்களே, அதுவும் அதே பேரினத்து மரப்பட்டையிலிருந்து எடுப்பதுதான்.) அப்புறம் மாவை அச்சில் வைத்து அழுத்தினால் இடியாப்பம் போல இழை இழையாக இறங்கும். ஈரத்தோடு பலகையில் ஏந்தி, ஓரத்தைக் கத்தியால் நறுக்கி, இடைவெளி விழாமல் விரலால் நெருக்கி நேராக்குவார்கள். உலர்த்துவதில்தான் கைத்திறம் தெரியும். அவசரப்பட்டால் இழை கோணிக்கொள்ளும். நாள்கணக்கில் காற்றில் மெல்லக் காயவேண்டும்.

அவாஜித் தீவின் எய் என்ற துறைமுக ஊரில் 1850இல் இந்தத் தொழில் வேர்பிடித்ததற்கும் காற்றுதான் காரணம். குளிர்காலத்தில் மேல்காற்று பலமாக வீசும். படகு இறக்க முடியாது. அந்த மாதங்களுக்கு ஊருக்கு ஒரு பிழைப்பு வேண்டியிருந்தது. படகை நிறுத்திய காற்றே இழையை உலர்த்திக் கொடுத்தது.

அவாஜியின் நறும்புகைக் கதை இன்னும் பழையது. 720இல் முடிக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ என்ற வரலாற்று நூல், 595இல் அங்கே ஒரு பெரிய கட்டை கரை ஒதுங்கியதாகச் சொல்கிறது. ஊரார் விறகோடு விறகாக அடுப்பில் வைக்க, புகை வெகுதூரம் மணந்ததாம். வியந்துபோய் அரசவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த மரத்தை இன்று ஜப்பானியர் ஜின்கோ என்கிறார்கள். ‘ஜின்’ என்றால் மூழ்குதல். பிசின் ஏறிய தரமான துண்டு நீரில் மூழ்கும் என்பதால் வந்த பெயர். இதற்குத் தமிழ்ச் சொல் தேடவே வேண்டாம்: அகில். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் துகிலோடும் கருப்பூரத்தோடும் கப்பலில் வந்து இறங்கும் அகில்தான். இதைப் போய் ‘அகர்வுட்’ என்று எழுதுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

இனி ‘ஊதுபத்தி’. இதில் உள்ள ‘ஊது’ வாயால் ஊதுவதைக் குறிப்பதாக நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அரபியில் ‘ஊத்’ என்றால் அகில். உருது வழியாக ‘ஊத்பத்தி’ என நமக்கு வந்தது. பத்தி என்பது வத்தி, அதாவது திரி. ஆக, ஊதுபத்தி என்றால் அகில்திரி. அகர்பத்திக்கும் அதே பொருள்தான். மணத்தால் சென்கோவுக்கு நெருங்கிய உறவு, சந்தேகமில்லை. ஆனால் நம் கண்ணுக்கு ஊதுபத்தி என்றால் மூங்கில் ஈர்க்கில் மாவு பூசியது. அந்தச் சொல்லைப் போட்டால் ஈர்க்கும் கூடவே வந்துவிடும்.

அதனால் நான் ‘நறும்புகை இழை’ என்று எழுதுகிறேன். நறும்புகை நம் பழைய சொல். ‘சென்’ என்பதற்கு இழை அச்சாகப் பொருந்துகிறது. ஜென் மடங்களில் ஒரு சென்கோ எரிந்து முடிவதையே தியானத்தின் ஓர் அமர்வாகக் கணக்கு வைப்பார்கள், சுமார் 40 நிமிடம். அதையும் ‘ஓரிழைப் பொழுது’ என்று சொல்லிவிடலாம்.