மூணு பெட்டிதானே, எனக்கெதற்குச் சங்கம்?

போன வாரம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், மூணு பெட்டியும் காலி. தேனீ எல்லாம் ஓடிப்போச்சு" என்றார். போய்த் திறந்து பார்த்தேன். எதுவும் ஓடிப்போகவில்லை. ஒரு பெட்டியில் ராணியைச் சுற்றி ஒரு கைப்பிடித் தேனீக்கள் மட்டும் மிச்சம். மற்ற இரண்டில் அதுவும் இல்லை. அடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூடிய புழு அறைகள், சிலவற்றின் மூடியில் ஓட்டை. காலி அறைகளின் மேற்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அது தேனீயிலும் புழுவிலும் ஒட்டி உறிஞ்சும் வரோவா என்ற சிறு உண்ணியின் எச்சம். தேன் அறையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை, மெழுகு மட்டும் கடித்துக் குதறப்பட்டுக் கிடந்தது. வேறு பெட்டிகளின் தேனீக்கள் வந்து கொள்ளையடித்துப் போயிருக்கின்றன.

முன்பே ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா என்று கேட்டேன். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வாசலுக்குக் கீழே சில தேனீ ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. சிறகு சுருங்கி இருந்துச்சு. குட்டித் தேனீ, பறக்கப் பழகுதுன்னு நினைச்சேன்" என்றார்.

தேனீயில் குட்டி என்று ஒன்று கிடையாது. அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போதே முழு உருவத்தோடும் முழுச் சிறகோடும்தான் வரும். சுருங்கிய சிறகு என்பது உண்ணி பரப்பும் வைரஸின் அடையாளம். சில வருடமாவது பெட்டி வைத்துப் பழகிய யாரிடமாவது அவர் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் போதும், "உடனே உண்ணியை எண்ணு" என்று சொல்லியிருப்பார்கள். அவருக்குப் பக்கத்திலேயே தேனீ வளர்ப்போர் சங்கம் இருக்கிறது, மாதம் ஒருமுறை கூடுகிறது. ஏன் சேரவில்லை என்றேன். "மூணு பெட்டிதானே சார். சங்கமெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு."

பெட்டிகளைத் திறந்து நோய் பார்ப்பது என் தொழில். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

இருநூறு பெட்டி வைத்திருப்பவருக்கு ஒரு பெட்டி சோர்ந்தால் மற்ற 199 பெட்டிகள் சொல்லிக் கொடுத்துவிடும். பூ குறைந்ததால் எல்லாமே சோர்கின்றனவா, இது மட்டும்தானா என்று நடந்துகொண்டே கண்டுபிடித்துவிடுவார். மூன்று பெட்டிக்காரருக்கு ஒப்பிட என்ன இருக்கிறது? மூன்றுமே சேர்ந்து நலிந்தால், அதுதான் இயல்பு என்று நினைத்துக்கொள்வார். அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு யாருக்காவது அவசியம் என்றால், அது அவருக்குத்தான்.

அப்புறம், பெட்டி மட்டும்தான் உங்களுடையது. தேனீ உங்கள் வேலிக்குள் இருப்பதில்லை. எல்லாப் பக்கமும் மூன்று கிலோமீட்டர் பறக்கிறது என்று வைத்தாலே, ஏறக்குறைய 28 சதுர கிலோமீட்டர் வருகிறது. அதற்குள் வேறு யார் யாரோ பெட்டி வைத்திருக்கிறார்கள். நலிந்த தேனீக் குடும்பத்தைக் கொள்ளையடிக்க வரும் தேனீக்கள் தேனோடு உண்ணியையும் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பும். அந்த மூன்று பெட்டிகளையும் காலி செய்தவை யாருடைய தேனீக்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தேனீக்களின் பெட்டியில் இப்போது உண்ணி ஏறிக்கொண்டிருக்கும், அதன் சொந்தக்காரருக்குக் காரணம் புரியாது. இருவரும் ஒரே சங்கத்தில் இருந்திருந்தால் ஒரு வார்த்தை போதும்: "என் பெட்டி அழிந்துவிட்டது, உங்களுடையதைப் பாருங்கள்."

ராணி விஷயமும் அப்படித்தான். கன்னி ராணி வெளியே பறந்துபோய், வானத்தில் பத்து இருபது ஆண் தேனீக்களோடு சேர்ந்துவிட்டு வருகிறது. அந்த ஆண் தேனீக்கள் பெரும்பாலும் அடுத்தவர் பெட்டிகளிலிருந்து வந்தவை. உங்கள் தேனீக் குடும்பம் சாதுவாக இருக்குமா, கொட்டித் தீர்க்குமா என்பதில் பாதி அவர்கள் கையில். உறவுக்குள்ளேயே கூடினால் முட்டைகளில் பல வீணாகி, புழு அடை ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நல்ல சங்கங்களில் ராணி வளர்ப்பைச் சேர்ந்து செய்வதற்கு இதுதான் காரணம்.

நோயைக் காணொளியில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கற்கலாம், சரி. ஆனால் தேனீப் புழுக்களைக் கொல்லும் அமெரிக்கப் புழு அழுகல் என்ற பாக்டீரியா நோயைக் கண்டுபிடிக்க மூக்கும் வேண்டும். குழிந்த மூடிக்குள் தீக்குச்சியை விட்டு இழுத்தால், செத்த புழு பழுப்புநிற நூலாக நீளும். ஒருமுறை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால் வாழ்நாளுக்கும் மறக்காது. இந்த நோய்க் கிருமியின் வித்துகள் (உறங்குநிலையில் இருக்கும் கிருமி) நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்கும், ஆன்டிபயாட்டிக் அவற்றைக் கொல்லாது. பல நாடுகளில் இது கண்டால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரிடமோ வாங்கி வைக்காதீர்கள். கடைத் தேனை ஊற்றித் தேனீக்குத் தீனி போடாதீர்கள், அதிலும் வித்து இருக்கலாம். சங்கத்தில் யாரிடமாவது கேட்டிருந்தால் இதை நான் இங்கே எழுத வேண்டியதே இல்லை.

ராணி இறந்துபோன பெட்டிக்கு உடனே தேவைப்படுவது முட்டையும் இளம் புழுவும் உள்ள ஓர் அடைச் சட்டம், அதாவது அடை கட்டிய மரச்சட்டகம். நோயில்லாத நண்பரின் பெட்டியிலிருந்து ஒன்று கிடைத்தால், தேனீக்களே அதிலிருந்து ராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து ராணி வெளிவரப் பதினாறு நாள்தான். புழுவே இல்லாமல் வாரக்கணக்கில் விட்டால் பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிடும், பிறகு அந்தக் குடும்பத்தைத் திருத்துவது பெரும்பாடு. அந்த ஒரு சட்டத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

தேன் எடுக்கும் கருவியைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம், கழுவிக் கொடுங்கள். உங்கள் பகுதியில் எந்தப் பூ எப்போது தேன் தரும், எப்போது வறட்சி என்பதும் மூத்தவர்கள் வாயிலிருந்துதான் வரும். பக்கத்து வயலில் மருந்து தெளிக்கப் போகிறார்கள் என்ற செய்தி முந்தின நாளே வந்தால், ஒரு பெரும் சாவைத் தவிர்க்கலாம். தனியாளாக வயலுக்குப் போய்ப் பேசுவதைவிடச் சங்கமாகப் போய் "பொழுது சாய்ந்தபின் தெளியுங்கள்" என்று கேட்டால் காது கொடுக்கிறார்கள்.

இன்னொன்றை மன்றாடியே கேட்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் தனியாகப் பெட்டியைத் திறக்காதீர்கள். கொட்டிய இடம் வீங்குவது சாதாரணம். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

எல்லாச் சங்கமும் நல்ல சங்கம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சேர்வதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். சேர்ந்து பெட்டி திறக்கிறார்களா, தங்கள் பெட்டி அழிந்ததை வெட்கப்படாமல் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். பொருள் விற்பது மட்டும் நடந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பெட்டி வாசலுக்குக் கீழே செத்துக் கிடக்கும் தேனீக்களில் இருபது முப்பதைப் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் மூடி எடுத்துப் போங்கள். ஆனால் அடை எதையும் எடுத்துப் போகாதீர்கள், நோய் பரவும். நரைத்த தலை ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். அவரிடம் தீப்பெட்டியைத் திறந்து காட்டி, "இது எதனால் செத்தது?" என்று கேளுங்கள்.