நீங்க இருக்கிற வரைக்கும்

போன மாதம் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையிலிருந்து போன். கரண்ட் போய் வந்ததும் சம்பளப் பட்டியல் திறக்கவில்லை. விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தள மென்பொருளில் நான் எழுதிக் கொடுத்த புரோகிராம், 20 வருடமாக ஓடுகிறது. அதில் ஒவ்வொரு டேபிளும், அதாவது தரவு அட்டவணையும், ஒரு டிபிஎஃப் கோப்பு. அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை 4 பைட்டில் இருக்கும். பதிவு ஏறி, எண்ணிக்கை மாறுவதற்குள் மெஷின் அணைந்துவிட்டால் கணக்கு ஒத்துப்போகாது. டேபிள் திறக்க மறுக்கும். அந்த எண்ணைத் திருத்தி, தேடலுக்கான இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைப் போட்டதும் பட்டியல் வந்துவிட்டது.

"நீங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்கு என்னங்க கவலை?" என்றார் முதலாளி. வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு வயது 56.

ஃபாக்ஸ்புரோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 'யூஸ்' என்று டேபிளைத் திறந்து 'பிரவுஸ்' என்றால் தரவு கண்முன் நிற்கும். இண்டெக்ஸை வைத்து வேகமாகத் தேடும் ரஷ்மோர் நுட்பத்தால், அந்தக் காலத்துச் சின்ன மெஷினிலேயே லட்சம் பதிவுகளுக்குள் தேடியது கண்ணிமைப்பதற்குள் கிடைத்தது. அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் அறிவித்தபோது வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் இருந்தது. 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது. விஎஃப்பிஎக்ஸ் என்ற திறந்த மூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இன்றும் அதற்குக் கருவிகள் செய்து தருகிறார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுக்கும் நம் போன்றவர்களின் பாசத்துக்கு வாடிக்கையாளர் விலை கொடுக்கக் கூடாது. டேபிள் 2 ஜிபியைத் தாண்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். டேபிள்கள் இருக்கும் ஃபோல்டரை எல்லா மெஷினுக்கும் எழுதும் அனுமதியோடு ஷேர் செய்திருப்போம். ஏதோ ஒரு மெஷினில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் மொத்தக் கணக்கும் போய்விடும். அதனால் தினமும் பேக்கப் எடுத்து, நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இதைவிட ஆபத்து, கணக்குப் போடும் விதிகள் நம் தலைக்குள் மட்டுமே இருப்பது. இரவு ஷிஃப்ட் முடித்தவர் காலை ஷிஃப்ட்டும் சேர்த்துப் பார்த்தால் வருகை எந்தத் தேதியில் விழும்? அந்த ஆலையில் அது ஒரு புரொசீஜருக்குள் நான் போட்ட மூன்று வரி. ஏன் அப்படிப் போட்டேன் என்று வேறு யாருக்கும் தெரியாது.

மறு வாரமே சோர்ஸ் கோடு முழுவதையும் ஆலையில் ஒப்படைத்தேன். சனிக்கிழமைதோறும் அங்கே கணக்குப் பார்க்கும் பெண்ணோடு உட்கார்ந்து, ஒவ்வொரு விதியையும் தமிழில் சொல்கிறேன். அவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். "இது ஏன் சார் இப்படி?" என்று கேட்கும் இடங்களில் எனக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. இதுவரை 41 பக்கம் ஆகியிருக்கிறது. போனஸ் கணக்கை இன்னும் தொடவில்லை.