ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி ஏறியிருந்தால்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் தேடுவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான். எஸ்ஜிபிடி 78 என்று தடித்திருந்து, பக்கத்தில் '40 வரை' என்று போட்டிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. கல்லீரல் பாதி வேலைதான் செய்கிறதோ? அப்படி இல்லை. இந்தச் சோதனைக்கு 'கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை' என்று பெயர் வைத்ததில் வந்த குழப்பம் அது.

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் நொதிகள். சில ரிப்போர்ட்களில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்றிருக்கும், ஆள் அதேதான். அமினோ அமிலத்திலிருந்து ஒரு துண்டைக் கழற்றி வேறொரு மூலக்கூறில் மாட்டுவது இவற்றின் பிழைப்பு. அதெல்லாம் செல்லுக்குள்ளே. ரத்தத்தில் இவற்றுக்கு ஒரு ஜோலியும் கிடையாது. வயதாகிச் சாகும் செல்களிலிருந்து கொஞ்சம் வெளியே வரும். செல்லின் சவ்வு அடிபட்டால் நிறையக் கசியும். அந்தக் கசிவைத்தான் லேப் அளக்கிறது.

அளக்கும் விதமும் வேடிக்கையானது. நொதியை யாரும் எண்ணுவதில்லை, வேலை வாங்கிப் பார்க்கிறார்கள். ரத்தத்தின் தெளிந்த நீரை ஒரு கரைசலில் விடுவார்கள். அதில் என்ஏடிஎச் என்ற பொருள் இருக்கும். அது 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விழுங்கும். நொதியின் வேலை நடக்க நடக்க என்ஏடிஎச் தீர்ந்துபோகும், ஒளி கூடுதலாக ஊடுருவும். அது மாறும் வேகம்தான் ரிப்போர்ட்டில் எண்ணாக வருகிறது. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் வேலை நடந்தால் ஒரு யூனிட்.

எஸ்ஜிஓடி கல்லீரலுக்கு மட்டும் சொந்தமில்லை. தசை, இதயம், சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு. 1954இல் இது முதலில் பேர் வாங்கியதே மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான். ஜிம்முக்குப் போய் முதல் வாரத்திலேயே கால் மடக்க முடியாதபடி உடற்பயிற்சி செய்தவர், மறுநாள் ரத்தம் கொடுத்தால் இது ஏறித்தான் இருக்கும். குடிக்காத மனிதரை வீட்டில் முறைத்துப் பார்ப்பார்கள், பாவம்.

குடியால் வரும் பாதிப்பில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போவது வழக்கம். குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி6 குறைவதும் ஒரு காரணம். அந்த வைட்டமின் இல்லாமல் எஸ்ஜிபிடி சரியாக ஓடாது. வெறும் கொழுப்புக் கல்லீரல் என்றால் பெரும்பாலும் எஸ்ஜிபிடிதான் முந்தும். டெங்குவில் மறுபடி எஸ்ஜிஓடி. அளவுக்கு மீறி பாரசிட்டமால் விழுங்கினவர்களுக்கு எண் ஆயிரங்களில் போகும். அதே ரிப்போர்ட்டில் இருக்கும் ஏஎல்பி என்ற இன்னொரு நொதி தனிக் கணக்கு: பித்தக்குழாய் அடைத்தால் ஏறும், வளரும் பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்தும் ஏறும்.

சரி, நார்மல் என்று வந்துவிட்டால் நிம்மதியா? அதுவும் உறுதியில்லை. கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய சிரோசிஸ் நோயாளிக்கும் இந்த எண்கள் சாதாரணமாக வரலாம். கல்லீரல் வேலை செய்கிறதா என்பதை அது தயாரிக்கும் ஆல்புமினும், ரத்தம் உறைய ஆகும் நேரமும்தான் காட்டும். கல்லீரல் திடீரெனச் செயலிழந்து ஐசியூவில் கிடப்பவருக்கு எஸ்ஜிபிடி நாலாயிரத்திலிருந்து நானூறுக்கு இறங்கினால், வெளியே காத்திருப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். கசிவதற்குச் செல்லே மிச்சமில்லாமலும் அப்படி இறங்கும் என்பதால், மருத்துவர் அந்த வரியைத் தாண்டி, ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பார்.