வொயெவுட்ஸ்த்வோ: மாநிலமா, மாகாணமா?

‘போலந்தின் முன்னாள் தோருன் மாநிலம்’ என்று மறுபடியும் ஒரு கட்டுரையில் கண்ணில் பட்டது. போலந்தில் மாநிலமே கிடையாது. இருந்தால்தானே முன்னாள் ஆவதற்கு!

இப்படி ‘மாநிலம்’ ஆக்கப்படும் போலியச் சொல் வொயெவுட்ஸ்த்வோ; போலந்தின் மிகப் பெரிய நிர்வாகப் பிரிவு. வொயெவோதா என்பவரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி என்று பொருள். ‘வோய்’ போர்வீரர், ‘வோத்’ என்பது நடத்திச் செல்வதைக் குறிக்கும் வேர். படை நடத்தியவர் காலப்போக்கில் நிர்வாகி ஆனார். வேர் அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ‘படைத்தலைவர்புலம்’ என்று சொல் சமைக்கக் கிளம்புபவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

மாநிலம் என்றால் நமக்குக் கூட்டாட்சியின் உறுப்பு. போலந்து ஒற்றையாட்சி நாடு. அங்கே வொயெவோதாவை நியமிப்பவர் பிரதமர். 1999 முதல் தேர்தலில் வரும் மன்றமும், அது தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவின் தலைவரான மார்ஷலும் வேறாக இருக்கிறார்கள். ஒற்றையாட்சிக்குள் நியமன ஆளுநர் ஒருபுறம், தேர்ந்தெடுத்த சபை மறுபுறம். இலங்கைத் தமிழர் இதே அமைப்பை மாகாணம் என்றுதான் அன்றாடம் சொல்கிறார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

‘மாவட்டம்’ என்று எழுதலாம் என்பவர்களிடம் கொஞ்சம் நியாயம் உண்டு. 1975 சீர்திருத்தம் நாட்டை 49 துண்டாக்கியது. பிட்கோஷ்ச் மாகாணத்திலிருந்து பிரித்த தோருன், 5,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்; பார்த்தால் மாவட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் மாவட்டத்துக்கு அங்கே பவியாத் என்று தனிச்சொல் இருக்கிறது. அதே சீர்திருத்தம் பவியாத்தை ஒழித்தது. 1999இல் அது திரும்பி வந்தது, 49 மாகாணங்கள் 16 ஆயின. இரண்டையும் மாவட்டம் என்றால் ‘மாவட்டங்களை ஒழித்து மாவட்டங்களை உருவாக்கினர்’ என்றல்லவா எழுத வேண்டிவரும்!

தோருன் கதையே சொல்லின் நிலைத்தன்மையைக் காட்டும். இரு உலகப் போர்களுக்கு இடையே பொமேரிய மாகாணத்தின் தலைநகர். 1945இல் அந்தப் பெருமை பிட்கோஷ்ச்சுக்குப் போனது. 1975இல் தனி மாகாணம். இப்போது குயாவிய-பொமேரிய மாகாணத்தில் வொயெவோதா பிட்கோஷ்ச்சில், மன்றம் தோருனில். எல்லை மாறியது, தலைநகர் மாறியது, அலகின் பெயர் மட்டும் மாறவில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டும் பத்திக்குப் பத்தி மாற்றுகிறார்.

இன்னொரு கூட்டம் ‘வொய்வோட்ஷிப்’ என்று எழுதி ஒதுங்கிக்கொள்கிறது. அந்த ‘ஷிப்’ ஆங்கிலேயன் ஒட்டிய வால். போலியப் பெயரைக் காப்பதாக நினைப்பு!

அடுத்து க்மினா, போலந்தின் மிகச் சிறிய உள்ளாட்சி அலகு. இதை ‘ஊராட்சி’ ஆக்கிவிட்டார்கள். நகரங்களும் க்மினாதான், வார்சாவே ஒரு க்மினா. வார்சா ஊராட்சி என்று எழுதிப் பாருங்கள்.