தலைச்சொல்லா, முடிக்கும் சொல்லா?

"தமிழில் தலைச்சொல் தொடரின் கடைசியில் வரும்." மொழியியல் பேச்சுகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தலை எப்படிக் கடைசியில் வரும் என்று சொல்பவரும் யோசிப்பதில்லை, கேட்பவரும் வினவுவதில்லை. அண்மையில் ஒரு கட்டுரையில், தலைச்சொல் கடைசியில் வரும் மொழி என்ற பொருளில் 'தலையிறுதி மொழி' என்று படித்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எதைப் பற்றிய பேச்சு இது? 'நேற்று வாங்கிய அந்த மூன்று பெரிய பெட்டிகள்' என்பது ஒரு பெயர்த்தொடர். இதில் மற்ற சொற்களெல்லாம் 'பெட்டிகள்' என்ற ஒன்றைச் சார்ந்தே நிற்கின்றன. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஹெட் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய இலக்கண அறிஞர் ஹென்றி ஸ்வீட் இப்பொருளில் அதை ஆண்டார். 1933இல் வெளிவந்த நூலில் அமெரிக்க மொழியியலாளர் புளூம்ஃபீல்டும் ஆண்டார். பிறகு அது நிலைத்துவிட்டது. உடலின் தலையைக் குறிக்கும் சொல் அங்கே 'முதன்மையானது' என்ற பொருளுக்கு விரிந்தது. வரலாறு அவ்வளவுதான்.

அந்தச் சொல் எது என்று கண்டுபிடிக்கத் தமிழில் சிரமமே இல்லை. வேற்றுமை உருபை எந்தச் சொல் ஏற்கிறது என்று பார்த்தால் போதும். 'அந்த மூன்று பெரிய பெட்டிகளுக்கு' என்கிறோம். 'அந்த'வோ 'மூன்று'வோ 'பெரிய'வோ அசைவதில்லை. சமஸ்கிருதத்தில் அடைமொழியும் பெயரோடு சேர்ந்து பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறும். தமிழில் அத்தனை சுமையையும் ஒரே பெயர் தாங்குகிறது. வினைமுற்றும் அதைத்தான் பார்க்கிறது. 'என் தம்பியின் மகள் வந்தாள்' என்பதில் 'வந்தாள்' என்பதன் பெண்பால் விகுதி மகளால் வந்தது. தம்பிக்கு அதில் பங்கில்லை. தொடர் முழுவதற்குமான திணை, பால், எண் எல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்தே பிறக்கின்றன.

இவ்வளவு வேலை செய்யும் சொல்லைத் 'தலைச்சொல்' என்றால் என்ன கேடு? முதலாவது, அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியது. அகராதியில் பொருள் கூறுவதற்காகத் தடித்த எழுத்தில் முதலில் நிற்கும் சொல்தான் தலைச்சொல். அகராதியியலும் தொடரியலும் ஒரே மாணவர் படிக்கும் பாடங்கள். ஒரே பெயரால் இரண்டு பொருள்களைச் சொல்லி அவரைக் குழப்புவது நியாயமில்லை. இரண்டாவதுதான் பெரிய குறை. தலைப்பு, தலைவாசல், தலைநாள், தலைச்சன் என்ற வரிசையைக் காதில் வாங்கிய தமிழருக்குத் 'தலைச்சொல்' என்றதும் தொடரின் முதற்சொல்லே தோன்றும். இலக்கணமோ கடைசிச் சொல்லைக் காட்டும். தலை என்றால் இங்கே தலைமை என்று வாதிடுவார்கள். அப்படியானால் தலைமைச்சொல் என்றாவது எழுதியிருக்க வேண்டும். அதையும் நான் ஏற்கமாட்டேன் என்பது வேறு. தலைமை என்பது மதிப்பைச் சொல்கிறது, உறவைச் சொல்வதில்லை. 'மையச்சொல்' என்று எழுதுவோரும் உண்டு. மையம் என்றால் நடு. இந்தச் சொல் நடுவிலும் இல்லை.

நம் இலக்கண நூல்களில் உறவைச் சொல்லும் வழக்கு வெகுகாலமாக இருக்கிறது. பெயரெச்சம் பெயர்கொண்டு முடியும், வினையெச்சம் வினைகொண்டு முடியும் என்பது பள்ளிப் பாடம். 'வாங்கிய' என்றதும் எதை வாங்கிய என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. 'பெட்டி' அதை முடித்துவைக்கிறது. ஆகவே அது முடிக்கும் சொல். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

மலாயில் 'ரூமா பெசார்' என்றால் பெரிய வீடு. அங்கே வீட்டைக் குறிக்கும் 'ரூமா' முன்னால் வருகிறதே, முன்னால் நிற்பது எப்படி முடிக்கும் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் நம் மரபில் முடித்தல் என்பது இடத்தைக் குறித்ததே இல்லை. செய்யுளின் முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும் கூட்டிப் பொருள்கொள்வது பூட்டுவிற் பொருள்கோள். அதன் எடுத்துக்காட்டில் செய்யுளின் முதலில் 'திறந்திடுமின்' என்றும் இறுதியில் 'கதவு' என்றும் வரும். முடிக்கும் வினை முன்னால்தான் நிற்கிறது. அதனால் அது முடிக்கும் சொல் இல்லை என்று எவரும் சொன்னதில்லை. 'தலையிறுதி மொழி'க்குப் பதிலாக 'முடிக்கும் சொல் பின்வரும் மொழி' என்று எழுதலாம். சற்று நீளம்தான், ஆனால் புரியும்.

என்னை உண்மையில் வருத்துவது ஒரு சொல் மட்டுமன்று. மொழிபெயர்ப்பவர் ஆங்கில அகராதியைத் திறக்கிறார், முதலில் கண்ட பொருளை எடுக்கிறார், பக்கத்திலேயே இருக்கும் தொல்காப்பியத்தின் எச்சவியல் என்ற இயலைப் புரட்டுவதில்லை. தொகையின், அதாவது சொற்கள் சேர்ந்து ஒன்றாக நிற்கும் தொடரின், பொருள் எந்தச் சொல்லின்மேல் நிற்கும் என்று தொல்காப்பியம் அங்கே நான்கு வகை சொல்கிறது: முன்மொழி (முதற்சொல்), பின்மொழி (அடுத்த சொல்), இருமொழி (இரண்டு சொல்லும்), அன்மொழி (இரண்டும் அல்லாத வேறொன்று). 'பொற்றொடி வந்தாள்' என்பதில் தொடி, அதாவது வளையல், அஃறிணை, வினையோ உயர்திணைப் பெண்பால். ஏனென்றால் பொருள் அந்த இரண்டு சொல்லிலும் நில்லாமல் வெளியே இருக்கும் பெண்மேல் நிற்கிறது. கபிலரையும் பரணரையும் சேர்த்துச் சொல்லும் 'கபிலபரணர் வந்தனர்' என்பதில் பொருள் இருவர்மேலும் நிற்பதால் வினை பலர்பாலாயிற்று. தலைச்சொல் என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் ஒரு மாணவருக்கு விளக்கிப் பார்க்கட்டும். முதல் தொடரில் தலை எங்கே என்று அவர் கேட்பார். இரண்டாவதில் எத்தனை தலை என்று கேட்பார்.